பிள்ளைங்கள வீடியோ எடுக்க எது வாங்கலாம்: கேம்கோடரா, ஃபோனே போதுமா, இல்ல பாக்கெட் கேமராவா?

சிங்கப்பூர்ல நவம்பர் வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துடும். பாலர் பள்ளி கான்சர்ட், நடன வகுப்பு ஆண்டு விழா, எல்லாம் வரிசையா நிக்கும். பள்ளிக்கூட வாசல்ல ஒரு அக்கா கேட்டாங்க, "போன வருஷம் ஃபோன்ல எடுத்தேன், வீட்டுக்கு வந்து டிவில போட்டா எல்லா பிள்ளைக்கும் ஒரே மேக்கப்பு, ஒரே பாவாட, என் மவ எங்க நிக்கிறான்னே தெரியல, பேசாம ஒரு ஹேண்டிகேம் வாங்கிடவா"ன்னு. அதே வாரம் எங்க மாமாவும் கேட்டாரு, ஆனா அவருக்கு மேடையே கிடையாது, வீட்டுல தவழுற பேத்திய எடுக்கணும், அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் ஒரே பதில சொன்னா ஒருத்தர் காசு வீணாயிடும். அதனால கொஞ்சம் நிதானமாவே எழுதுறேன்.

மொதல்ல எத வச்சு முடிவு பண்றது

கடைக்குப் போனா 4கே, மெகாபிக்ஸல், எச்டிஆர்னு அடுக்குவாங்க. அதெல்லாம் அப்புறம். நீங்க உங்களையே கேக்க வேண்டியது இதுதான்: நான் நிக்கிற இடத்துலேந்து பிள்ள எவ்வளவு தூரத்துல இருக்கும்? அங்க வெளிச்சம் எப்படி? ஒரு தடவ அமுக்கினா எத்தன நிமிஷம் விடாம ஓடணும்? யாரு கையில புடிக்கப் போறா, நானா, அம்மாவா, தாத்தாவா? எடுத்து முடிச்சப்புறம் அந்த வீடியோ எங்க போயி உக்காரப் போகுது?

சத்தத்தையும் சேத்துக்கோங்க, நெறைய பேரு அத கணக்குலயே எடுத்துக்கிறதில்ல. எங்க அப்பா 1990கள்ல ஈசூன் வீட்டுல எடுத்த ஒரு 8 மில்லிமீட்டர் டேப்பு எங்ககிட்ட இருக்கு, பொங்கல் அன்னிக்கு எடுத்தது, படம் இப்ப பாத்தா மங்கல்தான், கோடு கோடா ஓடும், ஆனா ஆயா அடுப்படிலேந்து "டேய் பால் பொங்குது வாங்கடா"ன்னு கூப்புடுற சத்தம் மட்டும் அப்படியே இருக்கு. ஆயா போயி ரொம்ப வருஷமாச்சு. அந்தக் குரல் வேற எங்கயும் இல்ல. மத்த டேப்பெல்லாம் அலமாரியிலயே பூஞ்ச புடிச்சு போயிடுச்சு. நான் இந்த விஷயத்துல இவ்வளவு தூரம் பேசுறதுக்குக் காரணம் அதுதான்.

தூரக் கணக்கு

இத ஒரு தடவ புரிஞ்சிக்கிட்டா பாதி குழப்பம் தீந்துடும். ஹால்ல பின் வரிசை, மேடைக்கு 20 மீட்டர் தூரம்னு வச்சுக்கோங்க. அங்கேந்து ஒவ்வொரு கேமராவுக்கும் எவ்வளவு அகலம் ஃபிரேம்ல விழும்னு லென்ஸ் அளவ வச்சு (மிமீ கூடக் கூட தூரத்துல இருக்கறது கிட்ட தெரியும்) தோராயமா கணக்குப் போட்டேன்.

| எதுல எடுக்குறோம் | லென்ஸ் | ஃபிரேம்ல விழுற அகலம் |
|---|---|---|
| டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3, ஜூம் இல்லாம | 20 மிமீ | 36 மீட்டர் |
| ஐஃபோன் 15 புரோ மேக்ஸ், மெயின் கேமரா | 24 மிமீ | 30 மீட்டர் |
| அதே ஃபோன், 5 மடங்கு ஜூம் | 120 மிமீ | 6 மீட்டர் |
| சோனி ஏஎக்ஸ்43 கேம்கோடர், 20 மடங்கு | 536 மிமீ | 1.3 மீட்டர் |
| சோனி சிஎக்ஸ்405 கேம்கோடர், 30 மடங்கு | 804 மிமீ | 0.9 மீட்டர் |

30 மீட்டர்னா மேடையோட சேத்து ரெண்டு பக்க சுவரு, முன்னால உக்காந்திருக்கவங்க தலை, எல்லாம் வரும். 6 மீட்டர்னா ஒரு வரிசை பிள்ளைங்க முழுசா வருவாங்க, உங்க பிள்ளைய விரல் வச்சு காட்டலாம். 1.3 மீட்டர்னா முகமும் கை முத்திரையும் மட்டும் ஃபிரேம் முழுக்க. ஃபோன்ல 20 மடங்குன்னு எழுதியிருக்குமே, அதுவும் இதுவும் ஒண்ணான்னு கேப்பீங்க. இல்ல. ஃபோன்ல 5 மடங்குக்கு மேல போறதெல்லாம் இருக்குற படத்த வெட்டி பெருசாக்குறது, அது டிஜிட்டல் ஜூம். கேம்கோடர்ல கண்ணாடியே உள்ள நகந்து கிட்ட கொண்டாருது, அது ஆப்டிகல் ஜூம்.

கையில இருக்குற ஃபோன்

வீட்டுக்குள்ள, பொறந்தநாள் கேக்கு, பிளாக்குக்கு கீழ சைக்கிள் ஓட்டிப் பழகுறது, தேக்கால தீபாவளி விளக்கு பாக்கப் போறது, இதுக்கெல்லாம் நல்ல ஃபோன ஒரு சின்ன கேம்கோடர் ஜெயிக்கவே முடியாது. காரணம் சென்ஸார், அதாவது வெளிச்சத்த வாங்கிப் படமாக்குற சில்லு. மேல சொன்ன சிஎக்ஸ்405ல இருக்கறது 1/5.8 இன்ச் அளவு, நல்ல ஃபோனோட மெயின் கேமரா சென்ஸார் அதவிட பல மடங்கு பெருசு. எச்டிபி அடுக்குமாடி வீட்டு ஹால்ல ராத்திரி ஒரே ஒரு லைட்டு எரியறப்ப எடுத்துப் பாருங்க, கேம்கோடர் படத்துல புள்ளி புள்ளியா மணல் கொட்டின மாதிரி இருக்கும், ஃபோன்ல தெளிவா இருக்கும்.

ஆனா அதே ஃபோன்ல இருட்டான ஹால்ல ஜூம் பண்ணா கதை மாறுது. வெளிச்சம் பத்தலன்னா நெறைய ஃபோன் உங்களுக்குத் தெரியாமயே ஜூம் லென்ஸ விட்டுட்டு மெயின் கேமரா படத்தையே வெட்டி குடுக்கும். நீங்க 5 மடங்குன்னு நெனச்சு எடுத்துக்கிட்டு இருப்பீங்க. அந்த அக்காவுக்கு நடந்ததும் இதுவாதான் இருக்கும். இன்னொண்ணு, நடுவுல அழைப்பு வந்தா ரெக்கார்டிங் கெட்டுப்போகலாம், அதனால விமானப் பயன்முறைல போட்டுட்டு எடுங்க, அப்படி போட்டா அந்த ஒரு மணி நேரம் உங்கள யாரும் கூப்புட முடியாது, வயசானவங்க வீட்டுல தனியா இருந்தா அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ஃபோன் ஓசின்னு நெனைக்கிறோம், ஆனா இடத்துக்கு காசு போகும். ஐஃபோன்ல 4கேல வினாடிக்கு 30 படம்னு எடுத்தா நிமிஷத்துக்கு 170 எம்பி, 60ல எடுத்தா 400 எம்பி, இது அந்த செட்டிங்ஸ் பக்கத்துலயே போட்டிருக்கும். ஒரு மணி நேர கான்சர்ட்டு 30ல 10 ஜிபி, 60ல 24 ஜிபி. மூணு விழா முடிஞ்சா "இடம் இல்ல"ன்னு வரும், உடனே மாசா மாசம் கிளவுடுக்கு பணம் கட்ட ஆரம்பிப்போம், இல்ல அடுத்த ஃபோன் வாங்கறப்ப பெரிய மெமரி எடுப்போம். அந்த வித்தியாசம்தான் ஃபோன்ல வீடியோ எடுக்கறதோட நெசமான விலை.

கேம்கோடர்

இத பழைய சாமான்னு ஒதுக்குறவங்க நெறைய, எனக்கு அது சரியாப் படல. சோனி ஹேண்டிகேம்ங்கற பேரு 1985லேந்து இருக்கு, கையில நாலு விரல் உள்ள போற பட்டி, கட்டவிரலுக்கு நேரா ரெக்கார்ட் பட்டன், ஆள்காட்டி விரலுக்கு ஜூம், அந்த அமைப்பு இன்னிக்கும் அப்படியே இருக்குன்னா அது கைக்கு சரியா ஒக்காந்ததாலதான். 40 நிமிஷம் ஃபோன கண்ணுக்கு நேரா ரெண்டு கையால தூக்கிப் புடிச்சிப் பாருங்க, தோள்பட்ட வலிக்கும். கேம்கோடர நெஞ்சுக்கு நேரா வச்சு ஸ்க்ரீன திருப்பிக்கிட்டா போதும், பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கும் மறைக்காது.

ஏஎக்ஸ்43 மாதிரி சோனியோட சில மாடல்ல லென்ஸும் சென்ஸாரும் ஒண்ணா சேந்து உள்ளயே மெதக்குற மாதிரி வச்சிருக்காங்க, கை ஆடினாலும் அது எதிர்ப்பக்கம் ஆடி சரி பண்ணிக்கும், 20 மடங்கு ஜூம்ல கையால புடிச்சு எடுக்க முடியறதே அதனாலதான். சிஎக்ஸ்405ல 30 மடங்கு இருந்தாலும் அந்த அளவுக்கு நிக்காது, ஒரு ஸ்டாண்டு வேணும். அதுல வெளி மைக்கு சொருகவும் எடம் இல்ல, 1080பி மட்டும்தான், 4கே கெடையாது. பகல் வெளிச்சத்துல, திடல்ல ஓட்டப்பந்தயம் எடுக்க அது போதும். இருட்டு ஹாலுக்கு ஏஎக்ஸ்43 இல்லன்னா கேனான், பானசோனிக்ல அதே தரத்துல உள்ளதுதான். அதுலயும் ஜூம முழுசா இழுத்தா லென்ஸுக்குள்ள வர்ற வெளிச்சம் கொறையும், அதனால கடைசி வரைக்கும் இழுக்காம முக்கால்வாசில நிறுத்துறது நான் பழகிக்கிட்டது.

மறைஞ்சிருக்குற செலவு இதுலதான் ஜாஸ்தி, ஒவ்வொண்ணா சொல்றேன்.

மெமரி கார்டு. ஏஎக்ஸ்43ல 4கே 60 எம்பிபிஎஸ்ல (வினாடிக்கு எவ்வளவு டேட்டா பதியுதுங்கற கணக்கு) எடுத்தா மணிக்கு 27 ஜிபி, 100ல எடுத்தா 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒரு விழாவுக்கு மட்டும்தான், 128 எடுங்க, வேகமான கார்டா எடுங்க. பேட்டரி. பெட்டிக்குள்ள வர்றது சின்னது, பெரிய பேட்டரி ஒண்ணு தனியா வாங்கியே ஆகணும். கேமராவுக்குன்னு ஒதுக்குற பணத்துல கால்வாசிய இதுக்கெல்லாம் எடுத்து வச்சிட்டு மிச்சத்துக்கு கேமரா பாருங்க.

அடுத்து ஈரப்பதம். நம்ம ஊருல காத்துல ஈரம் சராசரியாவே 80 சதவீதத்துக்கு மேல. ஃபோன் தெனமும் கையில சூடா இருக்கறதால அதுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, கேம்கோடர் அலமாரில ஆறு மாசம் தூங்கும், லென்ஸுக்குள்ள வல மாதிரி பூஞ்ச வந்துடும். டிரை கேபினட்னு ஈரத்த கொறச்சு வைக்கிற அலமாரி ஒண்ணு வாங்கி 40லேந்து 50 சதவீதத்துல வச்சிருக்கணும், இல்லன்னா இறுக்கமா மூடுற டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வச்சு அப்பப்ப மாத்தணும். அதே மாதிரி ஏர்கான் ரூம்லேந்து வெளில வந்த உடனே எடுக்காதீங்க, லென்ஸ் பனி கட்டிக்கும், ஒரு ஜிப் பையில போட்டு கால் மணி நேரம் விட்டு எடுங்க.

அப்புறம் நெறைய பேர கடிச்ச ஒரு விஷயம். வெளிநாட்டுலேந்து விலை கொறச்சலா வர்ற கேம்கோடர். ஜப்பான், அமெரிக்காவுக்குன்னு செஞ்சது பெரும்பாலும் வினாடிக்கு 60 படம்ங்கற கணக்குல மட்டும்தான் எடுக்கும், நம்ம கரண்ட்டு 230 வோல்ட்டு 50 ஹெர்ட்ஸ். சில டியூப் லைட், எல்இடி லைட் கீழ 60ல எடுத்தா படம் சிமிட்டிக்கிட்டே இருக்கும். ஷட்டர 1/50 இல்ல 1/100ல நிறுத்தினா சரியாகும், ஆனா மலிவு மாடல்ல அத மாத்தவே விடாது. பெட்டியில 50ன்னு போட்ட, நம்ம கரண்ட்டுக்கு ஒத்துப்போற பிஏஎல் மாடலான்னு பாத்து வாங்குங்க. ஐஃபோன்லயும் கேமரா செட்டிங்ஸ்ல பிஏஎல் காட்டுறதுக்கு ஒரு பட்டன் இருக்கு, அத போட்டா 25 வரும், கான்சர்ட்டுக்கு அதுல எடுங்க. அந்த இடத்துலயே லென்ஸ் தானா மாறாம பூட்டி வைக்கவும் ஒண்ணு இருக்கு.

ஆன்லைன்ல பேரு தெரியாத கம்பெனி 4கே கேம்கோடர், 48 மெகாபிக்ஸல், மைக்கு, லைட்டு, ரெண்டு பேட்டரி எல்லாம் சேத்து அவ்வளவு கம்மி விலைக்கு விப்பாங்க. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் வாங்கி வளைகாப்புக்கு எடுத்தாரு. கேம்கோடர் மாதிரி உருவம்தான், உள்ள ஆப்டிகல் ஜூமே கெடையாது, 16 மடங்குன்னு போட்டது முழுக்க டிஜிட்டல், ஃபோகஸும் ஒரே எடத்துல நிக்கும். வளையல் போடுற கையி ஒண்ணுகூட தெளிவா இல்ல. அந்தப் பொண்ணோட அம்மா அழுதுட்டாங்க. விவரத்துல "ஆப்டிகல் ஜூம்"னு எழுதலைன்னா அந்தப் பக்கத்த மூடிடுங்க.

ஆஸ்மோ பாக்கெட் மாதிரி கைக்கு அடங்குறது

2023 அக்டோபர்ல வந்த பாக்கெட் 3ல 1 இன்ச் சென்ஸார், 179 கிராம்தான் எடை, மேல மூணு பக்கமும் திரும்புற மோட்டார் இருக்கு, நீங்க நடந்தாலும் படம் குலுங்காது. எங்க சித்தப்பா காவடி எடுத்தப்ப சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேந்து டேங்க் ரோடு வரைக்கும் கூடவே நடந்து ஃபோன்லதான் எடுத்தோம், பாத்தா தல சுத்துது, ஒவ்வொரு அடிக்கும் படம் குதிக்குது. அந்த மாதிரி நடைக்கு, தவழுற பிள்ள பின்னாடியே போறதுக்கு, குடும்பத்தோட ஊருக்குப் போறப்ப எடுக்க, இத விட நல்லது நான் பாக்கல. ஸ்க்ரீன்ல முகத்த தொட்டுக் காட்டிட்டா அதுவே திரும்பித் திரும்பி பாத்துக்கும், மேசை மேல வச்சிட்டா நீங்களும் படத்துல இருக்கலாம். எங்க வீட்டு ஆல்பத்துல அம்மா எங்கயுமே இல்ல, ஏன்னா எப்பவும் எடுக்குறது அவங்கதான். இத ஒரு சின்ன விஷயமா நெனைக்காதீங்க.

ஆனா மேல டேபிள பாருங்க, கான்சர்ட்டுக்கு இது ஆகாது. கண்ணாடி ஜூம் கெடையாது. தண்ணி பட்டா போச்சு. மோட்டார் தலைப்பகுதி நொய்மையானது, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கணும். தண்ணிக்குள்ள எடுக்கணும்னா கோப்ரோங்கற சின்ன கேமராதான், கவர் இல்லாமயே 10 மீட்டர் ஆழம் தாங்கும், ராத்திரில வீட்டுக்குள்ள அதுல எடுக்காதீங்க, அவ்வளவுதான் அதப் பத்தி.

லென்ஸ் மாத்துற கேமரா

ஃபோட்டோவும் நல்லா எடுக்கத் தெரிஞ்சவங்க வீட்டுல ஏற்கனவே இருந்தா அதையே பயன்படுத்துங்க. வீடியோவுக்காக மட்டும் புதுசா வாங்காதீங்க. கூட வர்ற 16-50 லென்ஸ் மூணு மடங்குதான் ஜூம், மேடைக்கு நீள லென்ஸ் தனியா வாங்கினா அதோட விலைக்கு இன்னொரு கேம்கோடரே வரும். பழைய மாடல் நெறைய 29 நிமிஷம் 59 வினாடில தானா நின்னுடும், ஐரோப்பால 30 நிமிஷத்துக்கு மேல ஓடினா அத வீடியோ கேமரான்னு கணக்கு வச்சு வரி போட்டதால கம்பெனிங்க அப்படி வச்சாங்க. நடன அரங்கேற்றத்துல பிள்ள வர்ணம் ஆடிக்கிட்டு இருக்கறப்ப கேமரா நின்னா என்ன பண்ணுவீங்க.

எடுத்தப்புறம்

வாட்ஸாப்ல அத்தைக்கு அனுப்பிட்டா பத்திரமா இருக்குன்னு நெனைக்காதீங்க, அது வீடியோவ நசுக்கித்தான் அனுப்பும். ஒரிஜினல் அப்படியே போகணும்னா டாக்குமெண்ட்டா அனுப்பணும். ஃபோனோ கேம்கோடரோ எதுவா இருந்தாலும் ரெண்டு ஹார்டு டிஸ்க்கு வாங்குங்க, ஒண்ணு உங்க வீட்டுல, இன்னொண்ணு அம்மா வீட்டுல. இந்த செலவ எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டாரு, ஆனா இது இல்லன்னா மத்தது எல்லாமே எங்க அப்பாவோட டேப்பு மாதிரிதான். கேம்கோடர்ல ஏவிசிஎச்டின்னு ஒரு வகை இருக்கும், அதுல எடுக்காதீங்க, நீளமா எடுத்தா துண்டு துண்டா வெட்டி வச்சிடும், ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா போயி பேரும் வெறும் நம்பரா இருக்கும். எம்பி4, இல்லன்னா எக்ஸ்ஏவிசி எஸ்னு இருக்குற வகைய தேர்ந்தெடுங்க.

யாருக்கு எது

பிள்ளைக்கு அஞ்சு வயசுக்குள்ள, மேடை வருஷத்துக்கு ஒரு தடவதான்: ஃபோன வச்சுக்கோங்க, மிச்சக் காச ஹார்டு டிஸ்க்குக்குப் போடுங்க, அந்த ஒரு நாளைக்கு சீக்கிரமே போயி முன் வரிசைல உக்காருங்க. 20 மீட்டர் 8 மீட்டரா ஆனா அதே 5 மடங்கு ஜூம்ல 2.4 மீட்டர் அகலம் வருது, கேம்கோடர் வாங்கினதுக்குப் பாதி சமம்.

பரதநாட்டியம், சிலம்பம், பேச்சுப் போட்டி, ஃபுட்பால்னு மாசம் ஒரு மேடை இல்ல திடல் இருந்தா கேம்கோடர், யோசிக்கவே வேணாம். பள்ளிக்கூடக் கான்சர்ட்டுன்னா படம் எடுக்க விடுறாங்களான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க, சில அரங்கத்துல சுத்தமா கூடாது. அந்த அக்காவுக்கு ஏஎக்ஸ்43 தரத்துலதான் பாக்கச் சொன்னேன்.

எங்க மாமாவுக்கு? நான் மொதல்ல ஃபோனே போதும்னு சொல்லிட்டேன். அப்புறம் அவரு கைய பாத்தேன், கொஞ்சம் நடுங்குது, ஃபோன்ல பட்டன் அமுக்குனாரா இல்லையான்னு அவருக்கே தெரியல, ரெண்டு தடவ அமுக்கி ரெக்கார்டிங்க நிறுத்திடுறாரு. அவருக்கு பாக்கெட் 3 குடுத்துப் பாத்தோம், ஸ்க்ரீன குறுக்க திருப்பினா தானா ஆன் ஆகும், பெரிய பட்டன் ஒண்ணுதான், கை நடுக்கத்த அது வாங்கிக்குது. இப்ப தெனமும் எடுக்குறாரு.

பழசா வாங்கப் போறீங்கன்னா பெனின்சுலா கடைத்தொகுதி பக்கம் பழைய கேமரா கடைங்கள்ல பாருங்க, கேரோசல் மாதிரி ஆப்ல தனியாளுகிட்ட வாங்குறதவிட ரசீதோட கடைல வாங்குறது நல்லது, ஏன்னா 2012 செப்டம்பர்லேந்து நடைமுறைல இருக்குற லெமன் சட்டம் (குறையுள்ள சாமான வித்தா கடைக்காரர் பொறுப்பேத்துக்கணும்ங்கற சட்டம்) கடையில வாங்கின பழைய சாமானுக்கும் உண்டு, ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா கேக்கலாம், தனியாள் விக்கிறதுக்கு அது இல்ல. உங்க மெமரி கார்டையே எடுத்துட்டுப் போங்க. ஃபோன் டார்ச்ச லென்ஸுக்குள்ள அடிச்சு வல மாதிரி எதாவது தெரியுதான்னு பாருங்க, ஜூம ரெண்டு முனைக்கும் இழுத்து கரகரன்னு சத்தம் வருதான்னு கேளுங்க, ஸ்க்ரீன நாலஞ்சு தடவ திருப்பி படம் கருப்பாகுதான்னு பாருங்க, பத்து நிமிஷம் விடாம ஓட்டி வீட்டுல கம்ப்யூட்டர்ல போட்டு சத்தத்தோட கேட்டுட்டு அடுத்த நாள் போயி காசு குடுங்க.